கொத்து ரொட்டிச் சத்தமும் ஒரு நொதியத்தின் வெட்டும்

கேள்வி: லிப்பேசு கொழுப்பைச் சமிபாடடையச் செய்யும் என்று படித்தோம். கலமென்சவ்வின் இலிப்பிட்டை நொதியங்கள் வெட்டிச் செய்தி கடத்துகின்றன என்று ரியூசனில் சேர் சொன்னார். கொழுப்பு எப்படிச் செய்தி சொல்லும்?
– உயர்தர மாணவி, வெள்ளவத்தை

பதில்: சேர் சொன்னது சரி. காலி வீதியில் கொத்து ரொட்டி கொத்தும் சத்தம் கேட்டதும் வாயூறுகிறதல்லவா? அந்த நேரம் உமிழ்நீர்ச் சுரப்பியில் நடப்பதைப் பாருங்கள்.

நரம்பு முனை அசற்றைல்கோலினை விடுகிறது. அது கலத்தின் வாங்கியில் ஒட்டியதும், மென்சவ்வின் உட்பக்கத்தில் பொசுபோலிப்பேசு சி என்ற நொதியம் வேலையைத் தொடங்குகிறது. அது தேடுவது பிப்-2 என்ற இலிப்பிட்டை; மென்சவ்வு இலிப்பிட்டுகளில் நூற்றில் ஒரு பங்களவே உள்ளது. கிளிசரோலுக்கும் பொசுபேற்றுக்கும் நடுவே ஒரே வெட்டு, கிடைப்பதோ இரண்டு தூதர்கள். மூன்று பொசுபேற்றுக்களுடன் கழன்ற தலை ஐ.பி-3. நீரில் கரையும் என்பதால் அது கலத்தினுள் கல்சியத்தைச் சேமிக்கும் அகமுதலுருச் சிறுவலை வரை போய்க் கல்சியக் கால்வாயைத் திறக்கிறது. குழியவுருவில் கல்சியம் ஏறத்தாழப் பத்து மடங்கு உயர, உமிழ்நீர் சுரக்கிறது. மிஞ்சிய டைஅசைல்கிளிசரோல் மென்சவ்விலேயே தங்கிப் புரதக் கைனேசு சி என்ற நொதியத்தைத் தூண்டும்.

இந்தத் துறை தொடங்கியதும் ஒரு சுரப்பியில்தான். 1953இல் ஹோக்கின் என்ற ஆய்வாளர் தம்பதியர் சதையித் துண்டுகளில் அசற்றைல்கோலின் இட்டபோது இலிப்பிட்டுகளில் பொசுபரசு வேகமாகச் சேர்வதைக் கண்டார்கள். ஐ.பி-3 கல்சியத்தை விடுவிக்கிறது என்பது 1983இல் தெரிந்தது.

பலரும் தொடக்கத்தைப் படித்துவிட்டு முடிவை விட்டுவிடுகிறார்கள். நிறுத்தும் நொதியங்கள் இல்லாவிட்டால் கலம் தாங்காது. ஐ.பி-3இலிருந்து ஒரு பொசுபேற்றைக் கழற்ற ஒரு பொசுபற்றேசு. டைஅசைல்கிளிசரோலில் ஒரு பொசுபேற்றைச் சேர்க்க ஒரு கைனேசு. இன்சுலின் பாதையிலும் இதே கதைதான்: ஒரு கைனேசு பிப்-2இல் ஒரு பொசுபேற்றைச் சேர்த்துப் பிப்-3 ஆக்க, பிடென் என்ற நொதியம் அந்தப் பொசுபேற்றைத் திரும்பக் கழற்றும். 1997இல் கண்டுபிடிக்கப்பட்ட பிடென் பல புற்றுநோய்களில் பழுதாகியோ தொலைந்தோ கிடக்கிறது.

கேள்வி: அப்பா இதயத்துக்குத் தினமும் அஸ்பிரின் 75 மில்லிகிராம் எடுக்கிறார். முழங்கால் வலிக்கு ஐபுபுரோபனும் போடுகிறார். கூடாதா?
– கொட்டாஞ்சேனை வாசகர்

பதில்: நேரம் தவறினால் அஸ்பிரின் வீணாகலாம். குருதிச் சிறுதட்டில் அரக்கிடோனிக்கமிலம் என்ற கொழுப்பமிலத்தைக் குருதியை உறையவைக்கும் பொருளாக மாற்றும் பாதையை, சைக்ளோஒட்சிசனேசு என்ற நொதியம் தொடக்குகிறது. அஸ்பிரின் அதை நிரந்தரமாக முடக்கும். சிறுதட்டுக்குக் கரு இல்லாததால் புதிது செய்ய முடியாது. அது வாழும் 7 முதல் 10 நாள் வரை முடக்கம் நீடிக்கும். ஐபுபுரோபன், அஸ்பிரின் நுழையும் நொதியத்தின் அதே துவாரத்தில் தற்காலிகமாக உட்கார்ந்து அஸ்பிரினுக்கு வழி விடாது. சாதாரண அஸ்பிரின் என்றால், அதைப் போட்டு 30 நிமிடமாவது கழித்து ஐபுபுரோபன். அல்லது ஐபுபுரோபன் போட்டு 8 மணித்தியாலத்துக்கு மேல் சென்றபின் அஸ்பிரின். உறையிட்ட அஸ்பிரினுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. இரண்டும் சேர்ந்தால் இரைப்பையில் குருதிக்கசிவு அபாயமும் கூடும். ஆகவே வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள். பனடோல் போதுமா என்றும் கேளுங்கள்.

கேள்வி: குளோரோபோம்–மெதனோலில் பிரித்தெடுத்தால் பிப்-2 கிடைப்பதேயில்லை. ஏன்?
– ஆய்வுகூட மாணவர், கொழும்பு 7

பதில்: அமிலம் சேர்க்காததே காரணம். பிப்-2இன் தலையில் மறை ஏற்றம் அதிகம்; நடுநிலைக் கரைசலில் அது புரதத்தோடும் நீர்ப்படையோடும் நின்றுவிடும். கலங்களைக் கழுவிக்கொண்டு நிற்காமல், ஊடகத்தை அகற்றியதும் பனிக்குளிர்ந்த 0.5 மோலர் முக்குளோரோ அசற்றிக்கமிலத்தை ஊற்றுங்கள். தாமதிக்கும் நிமிடங்களிலேயே நொதியங்கள் அளவை மாற்றிவிடும். வீழ்படிவை 5 சதவீத அதே அமிலத்தில் கழுவி, மெதனோல்–குளோரோபோம் 2:1 கலவையால் நடுநிலை இலிப்பிட்டுகளை அகற்றுங்கள். பிறகு மெதனோல், குளோரோபோம், செறிந்த ஐதரோகுளோரிக்கமிலம் 80:40:1 கலவையில் 25 நிமிடம் குலுக்குங்கள். மையநீக்கி, மேலுள்ள திரவத்தை வேறு குழாய்க்கு மாற்றிக் குளோரோபோமும் 0.1 மோலர் ஐதரோகுளோரிக்கமிலமும் சேர்த்தால் படைகள் பிரியும், கீழ்ப்படையே உங்களுடையது. உடனே உலர்த்துங்கள்; அமிலத்தில் கிடந்தால் சிதையும். பொலிஸ்ரைரீன் குழாய் வேண்டாம், குளோரோபோம் அதைக் கரைத்துவிடும்.