வைத்தியர் பதில்: 14 வயதுப் பையனுக்கு மார்பு வீங்கினால்

கேள்வி: எனக்கு வயது 14. திருகோணமலையில் தரம் 9இல் படிக்கிறேன். சில மாதங்களாக இரண்டு மார்புக் காம்புகளுக்குக் கீழேயும் கட்டி போல இருக்கிறது. இடது பக்கம் பெரிது, பட்டால் வலிக்கும். வகுப்பில் ஒருவன் கவனித்து எல்லோருக்கும் சொல்லிவிட்டான். இப்போது என்னை 'அக்கா' என்று கூப்பிடுகிறார்கள். சட்டையைக் கழற்ற வேண்டும் என்பதால் கோயிலுக்கும் போவதில்லை, உப்புவெளிக் கடலுக்கும் போவதில்லை. பண்டேஜ் சுற்றி, அதன்மேல் பெனியன் போட்டுக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போகிறேன். நான் பெண்ணாக மாறுகிறேனா? இது புற்றுநோயா? அடுத்த வருடம் பாடசாலை மருத்துவப் பரிசோதனை வரும் என்று நினைத்தாலே நித்திரை வருவதில்லை. வீட்டில் யாருக்கும் தெரியாது.

பதில்: தம்பி, நீங்கள் பெண்ணாக மாறவில்லை. உங்கள் வயதில் ஆண்பிள்ளைகளுக்கு மார்பில் புற்றுநோய் வருவது மிக மிக அரிது. நீங்கள் எழுதியிருப்பதும் அப்படித் தெரியவில்லை. இனி ஆறுதலாக மற்றதைப் பேசலாம்.

ஆண் ஹோர்மோன், பெண் ஹோர்மோன் என்று நாம் பிரித்துச் சொன்னாலும் இரண்டும் எல்லோருடைய உடம்பிலும் உண்டு. பருவமடையும்போது ஆண் ஹோர்மோனான டெஸ்டோஸ்டிரோன் கூடும். அதில் ஒரு பகுதியை உடம்பே பெண் ஹோர்மோனான ஈஸ்ட்ரோஜனாக மாற்றிக்கொள்ளும். இந்த இரண்டும் ஒரு நிலைக்கு வரும்வரை சில காலம் ஈஸ்ட்ரோஜனின் கை ஓங்கியிருக்கும். அப்போது காம்புக்குக் கீழே உள்ள சுரப்பித் திசு சற்று வளர்கிறது. இதற்குக் கைனகோமாஸ்டியா என்று பெயர். பருவ வயதுப் பையன்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ஏதோ ஓர் அளவில் இது வந்து போகிறது. 13, 14 வயதில்தான் அதிகம். ஒரு பக்கம் முந்துவதும், தொட்டால் நோவதும் வழக்கம்தான். உங்களை 'அக்கா' என்று கூப்பிடும் கூட்டத்திலேயே சிலர் சட்டைக்குள் இதே வீக்கத்தை ஒளித்துக்கொண்டிருப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கட்டிலில் மல்லாந்து படுத்து, பெருவிரலையும் சுட்டுவிரலையும் இரு பக்கமும் வைத்துக் காம்பை நோக்கி மெதுவாக நகர்த்திப் பாருங்கள். காம்புக்கு நேர்கீழே சட்டைப் பொத்தான் போல, ரப்பர் பதத்தில் ஒரு வட்டம் தட்டுப்பட்டால் அது சுரப்பி. அப்படி எதுவும் இல்லாமல் விரல்கள் காம்புவரை வந்து சேர்ந்தால் அது வெறும் கொழுப்பு. உடம்பு எடை குறைந்தால் அதுவும் குறையும். ஒருமுறை பார்த்தால் போதும். தினமும் பிசைந்து பார்த்தால் நோவுதான் கூடும்.

சுரப்பி என்றால் பெரும்பாலானோருக்கு ஆறு மாதத்திலிருந்து இரண்டு வருடத்துக்குள் தானாகவே வற்றிவிடும். மருந்து தேவைப்படுவதில்லை. சோயா மீற் சாப்பிட்டதால் வந்தது என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். வீட்டில் சமைக்கும் அளவு சோயாவால் இது வருவதில்லை.

எனக்குக் கவலை தருவது அந்தப் பண்டேஜ்தான். கச்சான் காற்று வீசும் மாதங்களில் திருகோணமலை வெயிலில் ஒரு பெனியனே பாரம். இறுக்கிச் சுற்றிய துணிக்குள் வியர்வை தேங்கி வேர்க்குருவும் படையும் வரும், மூச்சை நன்றாக இழுத்து விடவும் முடியாது. கட்டினால் வீக்கம் ஒரு நாள்கூட முந்தி வற்றாது. அவிழ்த்துவிடுங்கள். கூச்சமாக இருந்தால் சற்றுத் தொளதொளப்பான, கடும் நிறப் பெனியன் போடுங்கள். இதைவிட ஆபத்தானது ஒன்று இருக்கிறது. உடம்பை இறுக்கித் தருகிறோம் என்று ஜிம் பக்கம் விற்கும் ஊசிகளிலும் மாத்திரைகளிலும் அனபோலிக் ஸ்டீரோயிட் என்ற, ஆண் ஹோர்மோன் போன்ற மருந்து இருக்கலாம். உடம்பு அதையும் ஈஸ்ட்ரோஜனாக மாற்றும். மார்பு இன்னும் வளரும், விதைகள் சுருங்கும். பட்டினி கிடப்பதும் வேண்டாம். நீங்கள் இப்போது வளரும் பிள்ளை.

சில அறிகுறிகள் இருந்தால் மட்டும் காத்திருக்காமல் வைத்தியரிடம் காட்ட வேண்டும். கட்டி காம்புக்கு நேர்கீழே இல்லாமல் ஒதுங்கி, கல்லுப் போல இறுகியிருப்பது. காம்பிலிருந்து இரத்தமோ நீரோ வருவது. விதையில் கட்டி தெரிவது. மற்றப் பருவ மாற்றங்கள் எதுவும் தொடங்காமலே மார்பு மட்டும் வளர்வது. வீக்கம் வேகமாகப் பெருத்தாலும், இரண்டு வருடம் தாண்டியும் வற்றாவிட்டாலும் காட்டுங்கள். நெடுநாள் நின்றுவிட்ட திசு நாராகி இறுகிவிடும், பிறகு தானாக வற்றுவது கடினம். அப்படிப்பட்ட சிலருக்குச் சத்திரசிகிச்சை செய்வதுண்டு. 14 வயதில் அந்தப் பேச்சே வேண்டாம்.

பாடசாலை மருத்துவப் பரிசோதனை தரம் 10இல் வருவது உண்மைதான். அதற்குப் பயப்படுவதை விட்டு, அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். வருகிற வைத்தியர் இதைப் பல பிள்ளைகளிடம் பார்த்தவராக இருப்பார். "தனியாகப் பார்க்க முடியுமா, சேர்?" என்று கேட்பதில் தவறில்லை. மற்றப் பிள்ளைகள் முன்னால் சட்டையைக் கழற்ற மாட்டேன் என்று சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் அதுவரை நித்திரையில்லாமல் இருக்க வேண்டாம். கேலி எல்லை மீறி, யாராவது தொட்டாலோ கிள்ளினாலோ நம்பிக்கையான ஓர் ஆசிரியரிடம் அன்றைக்கே சொல்லுங்கள். சிறுவர்களுக்கான 1929 என்ற தொலைபேசி இலக்கமும் இருக்கிறது. மனம் சோர்ந்து எதிலும் விருப்பமில்லை என்றால் தேசிய மனநல உதவி இலக்கமான 1926க்குப் பேசலாம்.

வீட்டில் சொல்வது பற்றி: அப்பாவிடமோ, அம்மாவிடமோ, மாமாவிடமோ, யாரிடம் எளிதோ அவரிடம் சொல்லுங்கள். முகம் பார்த்துச் சொல்லக் கூச்சமாக இருந்தால் இந்தப் பக்கத்தை நீட்டி, "எனக்கும் இப்படி இருக்கிறது" என்று மட்டும் சொன்னால் போதும். பிறகு ஒருமுறை மாவட்டப் பொது வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவிலோ உங்கள் குடும்ப வைத்தியரிடமோ காட்டிக்கொள்ளுங்கள். வேறு நோய்க்காக ஏதாவது மாத்திரை எடுத்திருந்தால் அதன் அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். சில மருந்துகளாலும் இந்த வீக்கம் வருவதுண்டு என்பதால் வைத்தியர் முதலில் அதைத்தான் கேட்பார்.