ஒன்பது கிலோ கூடியதற்குத் தைராய்டுதான் காரணமா?

கேள்வி: வயது 34. ஆறு மாதமாகச் சோர்வு, முடி உதிர்கிறது, எடை 9 கிலோ கூடிவிட்டது. எடைக்குறைப்பு மையத்தில் இது தைராய்டு குறைவுதான் என்று சொல்லி, முழு உடல் பரிசோதனைத் தொகுப்பையும் முடிக்காகப் பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரையையும் பரிந்துரைக்கிறார்கள். அறிகுறிகளை வைத்தே கண்டுபிடிக்க முடியாதா?

பதில்: சந்தேகப்படலாம், உறுதிசெய்ய முடியாது. சோர்வும் முடி உதிர்வும் ரத்தசோகையிலும் வரும். தைராய்டு குறைவால் கூடும் எடை பெரும்பாலும் 2 முதல் 5 கிலோதான், அதிலும் பெரும்பங்கு உப்பும் நீரும். ஒன்பது கிலோவையும் தைராய்டின் தலையில் கட்ட முடியாது.

மற்றவர்களுக்குப் புழுக்கமாக இருக்கும்போது உங்களுக்குக் குளிர்கிறதா? குரல் கரகரத்துவிட்டதா? தோல் வறட்சி, மலச்சிக்கல், மாதவிடாயில் அதிக ரத்தப்போக்கு உண்டா? காலையில் எழுந்ததும் ஒரு முழு நிமிடம் நாடியை எண்ணுங்கள். 60க்குக் கீழே இருந்தால் குறித்துவையுங்கள். தைராய்டு குறைந்தால் கண் இமை உப்பியிருக்கும். காலில் வீக்கம் இருந்தாலும் விரலால் அழுத்தினால் குழி விழாது. குதிகாலுக்கு மேலுள்ள தசைநாரில் மருத்துவர் சிறு சுத்தியலால் தட்டினால் பாதம் வெடுக்கென்று இழுக்கும், ஆனால் பழைய நிலைக்கு மெல்ல மெல்லத்தான் திரும்பும். இதைப் பார்க்க ஒரு நிமிடம் போதும். நோயாளியைத் தொடாமலே சீட்டு எழுதி அனுப்பும் வழக்கத்தை என்னால் ஏற்கவே முடியவில்லை.

தொகுப்பு வேண்டாம். டிஎஸ்ஹெச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்), ஃப்ரீ டி4 (தைராய்டு சுரக்கும் ஹார்மோன்) என்ற இரண்டு ரத்தப் பரிசோதனைகள் போதும். பயோட்டின் சாப்பிட்டால் பல ஆய்வகக் கருவிகளில் டிஎஸ்ஹெச் குறைவாகவும் டி4 கூடுதலாகவும் காட்டும். இருக்கிற குறைபாடு மறைந்துவிடும். குறைந்தது 2 நாள் முன்பே நிறுத்துங்கள். பெயர் தெரியாத 'கொழுப்புக் கரைப்பு' மாத்திரைகளைத் தொடவே தொடாதீர்கள். சிலவற்றில் தைராய்டு ஹார்மோனையே சொல்லாமல் கலந்திருக்கிறார்கள்; நெஞ்சு படபடக்கும், இதயத்துடிப்பு தாறுமாறாகும்.

டிஎஸ்ஹெச் 10க்கு மேல், டி4 குறைவு என்றால் சந்தேகமில்லை. டிஎஸ்ஹெச் கொஞ்சம் மட்டும் கூடி, டி4 சரியாக இருந்தால் இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி பாருங்கள். ஒரே ஒரு காகிதத்தை நம்பி ஆயுள் முழுக்க மாத்திரை எழுதுவது அநியாயம்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். டிஎஸ்ஹெச் மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வருவது. அந்தச் சுரப்பியே பழுதானால் தைராய்டு தூங்கினாலும் டிஎஸ்ஹெச் சரியாகவே தெரியலாம். டி4 மட்டும் குறைந்திருக்கும். பிரசவத்தில் ரத்தம் ஏராளமாகப் போய், பிறகு பால் சுரக்காமலும் மாதவிடாய் திரும்பாமலும் இருந்தால் அந்தச் சுரப்பி பழுதாகியிருக்கலாம்; அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அப்போது முதலில் கார்ட்டிசால் (அட்ரினல் சுரப்பியின் ஹார்மோன்) அளவைப் பார்க்க வேண்டும். அது குறைந்திருக்கும்போது தைராக்சின் (தைராய்டு ஹார்மோன் மாத்திரை) கொடுத்தால் உயிருக்கே ஆபத்தாகலாம்.