முதலில் கார்ட்டை நீட்டுகிறவர்

கேள்வி (சுருக்கியது): யாழ்ப்பாணம் கொக்குவிலில் அம்மாவோடு இருக்கிறேன். அரச அலுவலகம் ஒன்றில் முகாமைத்துவ சேவை உத்தியோகத்தர். பிடித்தம் எல்லாம் போக மாதம் 68,000 ரூபா கைக்கு வரும். அலுவலகத்தில் நாங்கள் ஆறு பேர் மாதத்தில் இரண்டு தடவை வெளியே சாப்பிடப் போவோம். என் கிரெடிட் கார்ட்டுக்கு 15 வீதம் கழிவு இருப்பதால் நான்தான் பில் கட்டுவேன். மற்றவர்கள் பிறகு தருவார்கள், சிலர் மறந்துபோவார்கள். நல்லூர்த் திருவிழாவுக்குக் கனடாவிலிருந்து மச்சாள் குடும்பம் வந்திருந்தபோது, சித்தப்பா, சித்தியையும் கூட்டிக்கொண்டு ஒரு வெள்ளிக்கிழமை இரவு சாப்பிடப் போனோம். மச்சாள் பரிமாறியவருக்கு 20 வீதம் ரிப்ஸ் வைக்கச் சொன்னா. அதுவும் என் கார்ட்டில்தான் போனது. பில்லின் படத்தை அனுப்பியிருக்கிறேன். இப்போது கார்ட்டில் 184,000 ரூபா நிற்கிறது. வட்டி ஆண்டுக்கு 26 வீதம். மாதாமாதம் ஆகக் குறைந்த தொகையான 5 வீதத்தைக் கட்டியும் கடன் அசையவில்லை. ரிப்ஸையும் பில்லையும் நியாயமாகப் பிரிக்க ஒரு முறை சொல்லுங்கள். நல்ல அப் இருந்தாலும் சொல்லுங்கள். சீட்டைக் கழித்து எடுத்துக் கார்ட்டைக் கட்டட்டுமா? 24 மாதத் தவணைக்கு மாற்றலாம் என்று வங்கியிலிருந்தும் அழைத்தபடி இருக்கிறார்கள்.

பதில்: அலுவலகத்தில் நாள் முழுக்கக் கணக்கோடு இருப்பவருக்கு வகுத்தல், பெருக்கல் நான் சொல்லித்தரத் தேவையில்லை. அப்பும் வேண்டாம். யார் உங்களுக்கு எவ்வளவு தரவேண்டும் என்பதை அது நிறம் நிறமாகக் காட்டும். அது உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். தெரிந்தும் கேட்காமல் இருக்கிறீர்கள். பில் வந்தவுடன் முதலில் கார்ட்டை நீட்டுகிறீர்கள், பிறகு காசைக் கேட்க வெட்கப்படுகிறீர்கள். கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன், எனக்கு வேறு பிழை தெரியவில்லை.

அலுவலகச் சாப்பாட்டை முதலில் பார்ப்போம். ஆறு பேருக்கு 12,000 ரூபா பில் என்று எழுதியிருந்தீர்கள். 15 வீதம் கழிவு என்றால் 1,800 குறைந்து 10,200 ஆகும். தலைக்கு 1,700. மற்ற ஐந்து பேரும் உங்களுக்கு 8,500 தரவேண்டும், அநேகமாக 6,000 வருகிறது என்கிறீர்கள். இந்தக் கழிவில் உங்களுக்கு வந்த லாபம் எவ்வளவு? 1,800ஐ ஆறால் பிரியுங்கள், 300 ரூபா. அந்த 300ஐப் பிடிக்கப்போய் 2,500ஐ விட்டுவிட்டு வீட்டுக்கு வருகிறீர்கள். மாதம் இரண்டு தடவை என்றால் 5,000. மற்ற ஐந்து பேருக்கும் அது நல்ல சலுகைதான், அதில் பாதிக்கு மேல் கொடுப்பது வங்கியில்லை, நீங்கள்தான்.

இனிக் கார்ட்டைப் பாருங்கள். 184,000க்கு 26 வீதம் என்றால் வருடத்துக்கு 47,800 சொச்சம், மாதம் ஏறக்குறைய 4,000. நீங்கள் கட்டுவது 9,200. அதில் 4,000 வட்டிக்குப் போனால் முதல் தொகையில் கழிவது 5,200தான். அதே மாதம் திரும்பி வராத சாப்பாட்டுக் காசு 5,000 மேலே ஏறுகிறது. கடன் அசையவில்லை என்று எழுதினீர்கள், எப்படி அசையும்? இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முழுத் தொகையையும் கட்டி முடிக்காமல் மீதி வைத்திருப்பவருக்கு கார்ட்டில் புதிதாக வாங்குவதற்கு மற்றவர்களுக்குக் கிடைக்கும் வட்டியில்லா நாட்கள் பொதுவாகக் கிடைப்பதில்லை. ஆகவே சக ஊழியர் ஒருவர் மூன்று கிழமை கழித்துத் தரும் 1,700க்கும் நீங்கள் வட்டி கட்டியிருப்பீர்கள்.

சரி, அந்த வெள்ளிக்கிழமை. பில்லில் சாப்பாட்டுத் தொகை 28,000. சேவைக் கட்டணம் 10 வீதம், அதற்கு மேலே வற் வரி 18 வீதம், கடைசியில் 36,300 சொச்சம். அதற்கு மேலே மச்சாளின் 20 வீதம், 7,200 சொச்சம். மொத்தம் 43,600. பில்லில் ஏற்கெனவே சேவைக் கட்டணமாக 2,800 இருந்ததே, அதைத் தட்டிப் பார்க்க ஒருவரும் இல்லை. 2,800ம் 7,200 சொச்சமும் சேர்ந்து ஏறக்குறைய 10,000. சாப்பிட்டது 28,000க்கு. அதாவது பரிமாறியதற்கு மட்டும் 36 வீதம் கொடுத்திருக்கிறீர்கள், அதில் ஒரு பகுதி அரசாங்கத்துக்குப் போகும் வரித்தொகைக்கும் சேர்த்து வைத்த ரிப்ஸ்.

மச்சாளைக் குறை சொல்லவில்லை. கனடாவில் பில்லில் பொதுவாகச் சேவைக் கட்டணம் இருக்காது, 15, 18, 20 வீதம் என்று வைப்பதுதான் அங்கே முறை. அந்தப் பழக்கத்தில் சொல்லியிருப்பா. ஆனால் அவ தன் கைப்பையிலிருந்து வைத்திருக்க வேண்டிய காசு அது. ஒருவர் வாயால் சொன்ன ரிப்ஸை மேசை முழுவதும் பங்குபோடக் கூடாது. இங்கே சேவைக் கட்டணம் போட்ட இடமென்றால், கவனித்த தம்பியின் கையில் 300, 500 ரூபாவைக் காசாகக் கொடுத்தால் போதும் என்பது என் எண்ணம். சேவைக் கட்டணம் போடாத சைவக்கடை, கொத்துரொட்டிக் கடை என்றால் கொஞ்சம் தாராளமாகவே கொடுங்கள். அங்கே அந்தப் பிள்ளைகளுக்கு வேறு வழியில் வராது. எங்கேயானாலும் கார்ட்டில் அடிக்காதீர்கள். கையில் கொடுத்த காசு யாருக்குப் போனது என்று உங்களுக்கே தெரியும்.

பிரிக்கிற முறை ஒரு வரிதான். கடைசித் தொகையைச் சாப்பாட்டுத் தொகையால் வகுங்கள். 36,300ஐ 28,000ஆல் வகுத்தால் 1.3 வரும். ஒவ்வொருவரும் சாப்பிட்டதன் விலையை 1.3ஆல் பெருக்கினால் சேவைக் கட்டணம், வரி எல்லாம் அவரவர் பங்குக்கு ஏறிவிடும். வரி எதன் மேல் போட்டார்கள், எந்த வரி என்ற ஆராய்ச்சி வேண்டாம். இப்போது உங்கள் மேசை. வெள்ளிக்கிழமை என்பதால் நீங்களும் அம்மாவும் மரக்கறி. இடியப்பம், சொதி, தேசிக்காய்த் தண்ணி, இரண்டு பேருக்கும் 3,000. 1.3ஆல் பெருக்கினால் 3,900. சித்தப்பா, சித்திக்கு 6,000, அது 7,800 ஆகும். மச்சாள் குடும்பத்தின் நண்டு, இறால், பியர் எல்லாம் 19,000, அது 24,700.

நடந்தது என்ன? ஏழு பேர், தலைக்கு 6,200 என்று மச்சாள் கணக்குப் பார்த்தா. எட்டு வயதுப் பெடியனுக்கு அரைப்பங்கு என்றும் சொல்லி, இரண்டரைப் பங்குக்கு வரும் 15,500ஐ 15,000 ஆக்கித் தந்தா. அரைப்பங்குப் பெடியனுக்கென்று தனியாக ஒரு நண்டுக்கறி வந்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நியாயப்படி அவர்களின் பங்கு 24,700, ரிப்ஸோடு ஏறக்குறைய 32,000. தந்தது போக 17,000 உங்கள் கார்ட்டில் 26 வீதத்தில் கிடக்கிறது.

சித்தப்பாவின் 7,800ஐ என்ன செய்வது என்று கேட்கவில்லை, கேட்காததே நல்லது. அவரிடம் பங்கு கேட்காதீர்கள். பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போனால் நாம் கட்டுவதுதான் நம் ஊர் முறை, அதில் நான் கை வைக்க மாட்டேன். ஆனால் அதை முன்கூட்டியே செலவாக எழுதி வையுங்கள். வருடத்துக்கு ஒரு தடவை இவ்வளவு என்று மனதில் ஒரு தொகை இருந்தால், மிச்ச நாட்களுக்குப் பாசையூரில் நண்டு வாங்கி அம்மாவின் கையால் கறி வைத்து அவர்களை வீட்டுக்குக் கூப்பிடலாம். எனக்குத் தெரிந்து, வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கும் அதுதான் பிடிக்கும். சும்மா மரியாதைக்குத்தான் கடைக்கு வருகிறார்கள்.

மச்சாளிடம் ஒரு தடவை கேளுங்கள், ஒரே ஒரு தடவை. பில்லின் படத்தை அனுப்பி, "மச்சாள், அண்டைக்கு எல்லாம் என்ர கார்ட்டில போனது, உங்கட பக்கம் இன்னும் 17,000 வரும். வசதிப்படேக்க போட்டுவிடுங்கோ" என்று எழுதுங்கள். காரணம், விளக்கம், மன்னிப்பு ஒன்றும் வேண்டாம். வந்தால் வரட்டும். வராவிட்டால் கணக்கிலிருந்து வெட்டிவிட்டு அடுத்த தடவை சாப்பாடு சொல்லும் முன்பே பரிமாறுகிறவரிடம், "தம்பி, எங்கட ரெண்டு பேருக்கும் தனி பில் போடுங்கோ" என்று சொல்லிவிடுங்கள். சாப்பிட்டு முடிந்த பிறகு சொன்னால் அது சண்டை மாதிரித் தெரியும். முதலிலேயே சொன்னால் ஒருவரும் கவனிக்கக்கூட மாட்டார்கள்.

அலுவலகத்தில் கொஞ்சம் கடுமையாக இருக்கலாம், அங்கே உறவுமுறை இல்லை. மேசையில் இருக்கும்போதே போனில் காசு மாற்றட்டும், எல்லோரிடமும் வங்கி அப் இருக்கிறது. இல்லாவிட்டால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொருவர் கட்டட்டும். 15 வீதம் கழிவு போய்விடுமே என்று யாராவது சொன்னால், உங்கள் பங்கு 300தான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். கழிவு தரும் நாள் பார்த்துச் சாப்பிடப் போகிறவர்கள், கழிவு இல்லையென்றால் போகாமலே இருந்திருக்கக்கூடிய நாட்களிலும் போகிறார்கள். இந்தச் சலுகைகளை வங்கிகள் தருமத்துக்குக் கொடுப்பதில்லை. இப்போது செருப்பு வாங்கவும் மூன்று தவணை வந்துவிட்டது, அதுவும் அதே இனம்தான். உங்களைப் போல மீதி வைத்திருப்பவர் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

சீட்டுக்கு வருவோம். மாதம் 5,000, 20 பேர், இன்னும் ஆறு மாதம் பொறுத்தால் கழிவில்லாமல் 100,000 உங்களுக்கு வரும். இப்போதே எடுத்தால் 15,000 கழிவு போய் 85,000 கிடைக்கும். அந்த 85,000ஐக் கார்ட்டில் கட்டினால் ஆறு மாதத்தில் மிச்சமாகும் வட்டி அண்ணளவாக 11,000. 11,000ஐ மிச்சம் பிடிக்க 15,000 கொடுப்பது எதற்கு? பொறுத்திருங்கள். அம்மாவின் காப்பை அடைவு வைக்கும் யோசனை வந்தாலும் அதை இப்போதே விட்டுவிடுங்கள்.

வங்கியின் தவணைத் திட்டத்தைத் திட்டலாம் என்றுதான் உட்கார்ந்தேன், ஆனால் கணக்குப் பிழையில்லை. "வட்டியே இல்லை" என்று அந்தப் பிள்ளை போனில் சொன்னதை நம்ப வேண்டாம், ஒருதடவைக் கட்டணம் 12 வீதம் இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். 184,000க்கு அது 22,000. மொத்தம் 206,000ஐ 24ஆல் பிரித்தால் மாதம் 8,600. கடன் மாதாமாதம் குறைந்துகொண்டு போவதால், அந்த 22,000 ஆண்டுக்கு ஏறக்குறைய 11, 12 வீத வட்டிக்குச் சமம். அது 26இன் பாதிக்கும் குறைவு, மாதத் தவணையும் நீங்கள் இப்போது கட்டும் 9,200ஐ விடக் குறைவு. எடுங்கள். ஆனால் எடுத்த அன்றைக்கே கார்ட் உங்கள் கைப்பையில் இருக்கக்கூடாது. தவணை கட்டக் கட்டக் கார்ட்டில் இடம் விடும், திரும்பவும் நிரப்ப மனம் வரும். அப்படி நிரம்பினால் அடுத்த வருடம் தவணையும் இருக்கும், கார்ட்டும் இருக்கும். அம்மாவிடம் கொடுத்து அலுமாரியில் வைக்கச் சொல்லுங்கள். வங்கியிடம் கார்ட்டின் எல்லையை முடிந்தளவு குறைக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள்.

கையெழுத்து வைக்கும் முன் மூன்று விஷயங்களை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அந்த 12 வீதம் முதலிலேயே பிடிக்கப்படுமா, தவணையோடு வருமா? ஒரு தவணை தவறினால் மீதி முழுவதும் பழைய 26 வீதத்துக்குத் திரும்புமா? ஆறு மாதம் கழித்துச் சீட்டுக் காசு வரும்போது முன்கூட்டியே கட்டி முடித்தால் தண்டம் உண்டா? கடைசிக் கேள்விக்கு உண்டு என்று பதில் வந்தால், எவ்வளவு என்பதை எனக்கு எழுதுங்கள், சீட்டுக் காசை எங்கே போடலாம் என்று அப்போது பார்க்கலாம்.