பல்கலைக்கழக நீர்வள மையங்களில் உண்மையில் என்ன வேலை நடக்கிறது? சிவில் முடித்தவர் சேரலாமா?

சேரலாம். ஆனால் ஏசி அறையில் உட்கார்ந்து கணினியில் வெள்ள மாடல் ஓட்டுவதுதான் வேலை என்று நினைத்து வராதீர்கள். கிண்டியில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கும் நீர்வள மையத்தை உதாரணமாகச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள். நான் வேறொரு பல்கலைக்கழகத்தின் இதே மாதிரி மையத்தில் திட்ட உதவியாளராக இருந்தவன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

ஒரு பக்கம் மாணவர்களின் ஆராய்ச்சி, மறுபக்கம் கன்சல்டன்சி. நகராட்சியின் மழைநீர் வடிகால் வடிவமைப்பைச் சரிபார்த்துக் கொடுங்கள், மனைப்பிரிவு போடும் இடத்தில் வெள்ளம் நிற்குமா பாருங்கள் என்று வெளியிலிருந்து கடிதம் வரும். பேராசிரியர் கட்டணம் சொல்வார், 18 சதவீத ஜிஎஸ்டி தனி. வரும் பணத்தில் பல்கலைக்கழகத்தின் பங்கு போக மிச்சத்தில்தான் வண்டி வாடகை, ஆள் கூலி, உங்கள் சம்பளம் எல்லாம்.

ஆராய்ச்சிதான் உசத்தி, கன்சல்டன்சி காசுக்குச் செய்வது என்று சிலர் பேசுவார்கள். நான் தொழில் கற்றுக்கொண்டது அந்தக் காசு வேலையில்தான். கால்வாயில் எவ்வளவு தண்ணீர் போகும் என்று கணக்கிட மானிங் சமன்பாடு படித்திருப்பீர்கள். அதில் சொரசொரப்பைக் குறிக்கும் 'என்' மதிப்பு, நல்ல கான்கிரீட்டுக்கு 0.015 அளவில் இருக்கும். அதே கால்வாயில் ஆகாயத்தாமரையும் கோரையும் மண்டிவிட்டால் 0.06 வரைகூடப் போட வேண்டி வரும். மற்ற அளவுகள் மாறாவிட்டாலும் கொள்திறன் கால் பங்காகிவிடும்! வரைபடத்தில் கான்கிரீட் என்றுதான் எழுதியிருக்கும். எந்த எண்ணைப் போடுவது என்பது நேரில் போய்ப் பார்த்தவனுக்குத்தான் தெரியும்.

வெள்ள மாடலும் இப்படித்தான். ஆற்றில் வெள்ளம் எப்படிப் போகும் என்று கணக்கிடும் ஹெக்-ராஸ் மென்பொருளை அமெரிக்க ராணுவத்தின் பொறியாளர் பிரிவு இலவசமாகவே தருகிறது. யாரும் ஓட்டலாம், வண்ண வண்ணமாகப் படமும் வரும். அந்தப் படம் சரிதானா என்று பார்க்க, 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் தண்ணீர் உண்மையில் எதுவரை ஏறியது என்று தெரிய வேண்டும். அடையாற்றை ஒட்டிய தெருக்களில் லெவலும் (உயரம் அளக்கும் கருவி) ஸ்டாஃபுமாக (அளவுகோல் கம்பு) வீடு வீடாகப் போவோம். "இந்த ஜன்னல் மேல்கம்பி வரைக்கும் நின்னுச்சு தம்பி" என்பார் ஒரு அம்மா. "இல்லக்கா, கீழ்க்கம்பிதான்" என்பார் எதிர்வீட்டுக்காரர். சுவருக்குப் புதுப் பெயின்ட் அடித்திருப்பார்கள். மீட்டர் பெட்டிக்குப் பின்னால், மாடிப்படிக்கு அடியில் தேடினால் பிரஷ் படாத இடத்தில் சேற்றுக்கோடு அப்படியே இருக்கும். அதுதான் எங்களுக்கு வேண்டியது.

நிலத்தடி நீர் வேலை வந்தால் வெயில்தான். தமிழ்நாட்டில் ஏறக்குறைய முக்கால் பங்கு நிலம் கடும்பாறை. தரையில் நான்கு கம்பிகளை அடித்து, கரண்ட் செலுத்தி, மின்தடையை அளந்து கீழே என்ன இருக்கிறது என்று ஊகிக்க வேண்டும். கோடையில் காய்ந்த மண்ணில் கரண்ட் சரியாக இறங்காது. கம்பியைச் சுற்றி உப்புத்தண்ணீர் ஊற்றுவோம். நமக்கு முன்பே தேங்காய் வைத்துப் பார்ப்பவர் வந்து போர் போட இடம் குறித்துவிட்டுப் போயிருப்பார், அது வேறு கதை.

எனக்குப் பிடிக்காத ஒன்றும் உண்டு. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் எழுதும் பழக்கம். மனைப்பிரிவுக்காரர் தன் ஐந்து ஏக்கருக்கு மட்டும்தான் அறிக்கை கேட்பார். மண் கொட்டி உயர்த்திவிட்டால் அங்கே தண்ணீர் நிற்காது, சரி. அது பக்கத்துத் தெருவுக்குள் போகுமே? அதையும் அறிக்கையில் எழுதும் பேராசிரியரிடம் சேருங்கள். எழுதாதவர்களும் இருக்கிறார்கள்.

திட்டப் பணி ஒப்பந்த வேலை. திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். வருவதற்குள் லெவல் எடுக்கவும் க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளும் பழகிக்கொள்ளுங்கள். சேருமுன் அங்கிருக்கும் மாணவர்களிடம் ஒன்று கேளுங்கள்: மையத்தின் கரண்ட் மீட்டர் (நீரோட்டத்தின் வேகத்தை அளக்கும் கருவி) கடைசியாக எப்போது ஆற்றில் இறங்கியது? பீரோ சாவி யாரிடம் இருக்கிறது என்று தேடினார்களானால் வேறு இடம் பாருங்கள்.