நீக்கச் சொன்னது யார்?

கேள்வி: ஆறு வருடமாக ஓர் இணைய விவாதக் குழுவில் இருக்கிறேன். ஒரு மருந்தின் பக்கவிளைவு பற்றி நான் எழுதிய மூன்று பதிவுகளை மட்டுறுத்துநர் நீக்கிவிட்டார். ஏன் என்று கேட்டேன், கணக்கையே முடக்கிவிட்டார். இது தணிக்கைதானே? கருத்துச் சுதந்திரத்தைச் சொல்லி வழக்குப் போடலாமா?

பதில்: பேச்சு வழக்கில் தணிக்கை என்று தாராளமாகச் சொல்லிக்கொள்ளுங்கள். நீதிமன்றத்தில் அந்தச் சொல் அவ்வளவு சுலபமாக எடுபடாது. கருத்துச் சுதந்திரம் என்ற உரிமை முதன்மையாக அரசாங்கத்தின் கையைக் கட்டுவதற்காக எழுதப்பட்டது. குழு நடத்துகிறவர் அரசாங்கம் இல்லையே.

"ஊரே அங்கேதான் பேசுகிறது, அது பொது இடம் மாதிரிதானே?" என்று பலர் என்னிடம் வாதாடுவதுண்டு. அமெரிக்காவில் இதைச் சோதித்தும் பார்த்துவிட்டார்கள். ஒரு ஊர் முழுவதையும் சொந்தமாக வைத்திருந்த நிறுவனம், அதன் தெருவில் மதப் பிரசுரம் கொடுத்தவரைத் தடுக்க முடியாது என்று 1946இல் மார்ஷ் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பை யூடியூப் விஷயத்துக்கு நீட்டப் பார்த்தார்கள். எத்தனை பேர் வந்து பேசினாலும் அது தனியார் தளம்தான் என்று 2020இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுத்துவிட்டது. இந்தியாவில், பேச்சுரிமையைத் தனியாருக்கு எதிராகவும் கோரலாம் என்று 2023இல் கௌஷல் கிஷோர் வழக்கில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வின் பெரும்பான்மை நீதிபதிகள் சொன்னார்கள். கதவு கொஞ்சம் திறந்திருக்கிறது, சரி. ஆனால் அதை மட்டும் நம்பி ஒரு மட்டுறுத்துநர் மீது வழக்குப் போடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன்.

நான் முதலில் தெரிந்துகொள்ள விரும்புவது வேறு: பதிவை நீக்கச் சொன்னது யார்? மட்டுறுத்துநரே முடிவெடுத்தாரா, இல்லை, பின்னால் ஏதாவது அரசு உத்தரவு இருந்ததா? உத்தரவு இருந்தால் கதையே மாறிவிடும். அப்போது அது அசல் தணிக்கை. அந்த உத்தரவையே எதிர்த்து நீதிமன்றம் போகலாம். அங்கே விளக்கம் சொல்ல வேண்டியது அரசாங்கம்.

அப்படி எதுவும் இல்லையென்றால், குழுவில் சேரும்போது படிக்காமல் 'ஒப்புக்கொள்கிறேன்' என்று அழுத்தினீர்களே, அந்த விதிகளை இப்போது படியுங்கள். (நானும் படிப்பதில்லை.) மருத்துவத் தகவல் பற்றித் தனி விதி அநேகமாக இருக்கும். விதியில் இல்லாத காரணத்துக்காக முடக்கியிருந்தால், அதிலும் நீங்கள் சந்தா கட்டியவர் என்றால், ஒப்பந்த மீறல் என்று கேட்கலாம். இலவசக் குழு என்றால் நஷ்டஈட்டை மறந்துவிடுங்கள்.

காரணத்தை எழுத்தில் கேளுங்கள். எந்த நாட்டிலிருந்து எழுதுகிறீர்கள் என்று சொல்லவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 பிப்ரவரி முதல் முழுமையாக நடைமுறையில் உள்ள டிஜிட்டல் சேவைகள் சட்டப்படி, நீக்கியதற்குக் காரணம் சொல்லியாக வேண்டும். இந்தியாவில் 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலரிடம் புகார் கொடுக்கலாம். அவர் கெடுவுக்குள் பதில் தர வேண்டும்.

அப்புறம், அந்த மூன்று பதிவுகளின் நகல் இருக்கிறதா? நீக்கியதாக வந்த அறிவிப்பு? தேதியோடு எடுத்து வைத்துக்கொண்டு புகாரை எழுத உட்காருங்கள்.