ஒரே நிறக் கோழிகளை அடையாளம் காணக் கால் வளையம் உதவுமா?

"எங்கள் கோழிகள் எல்லாம் ஒரே செந்நிறம். எது முட்டையிடுகிறது, எது சும்மா தின்கிறது என்றே தெரியவில்லை. கால் வளையம் போடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாகப் போடுங்கள். ஆனால் எண் பொறித்த அலுமினிய வளையம் வேண்டாம். கோழியைக் கையில் பிடித்தால்தான் எண்ணைப் படிக்க முடியும். கம்பத்துக் கோழியை, அதாவது கிராமத்தில் திரியும் நாட்டுக்கோழியை, பகலில் பிடிக்கப் போனால் செம்பனை மரங்களைச் சுற்றி ஓடியே மூச்சு வாங்கிவிடும். சுருள் பிளாஸ்டிக் வளையம் என்றால் தூரத்திலேயே நிறம் தெரியும்.

நான் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், பழைய தோட்ட லயத்தை (தொழிலாளர் வரிசை வீடுகளை) ஒட்டிக் கோழி வளர்க்கிறேன். வேலி கிடையாது. நான்கு வீட்டுக் கோழிகளும் ஒரே சாக்கடையோரம்தான் கிளறும். எங்கள் பாட்டி புடவைக் கிழிசலைக் காலில் கட்டிவிடுவார். மழையில் நனைந்து இறுகினால் கால் வீங்கும். "அது என் கோழி" என்று லயத்தில் எழுந்த சண்டைகளைச் சொன்னால் இந்தப் பதில் முடியாது.

இடக்காலில் பொரித்த ஆண்டுக்கு ஒரு நிறம், வலக்காலில் குணத்துக்கு ஒரு நிறம் என்று வைத்திருக்கிறேன். நன்றாக அடைகாப்பதற்கு மஞ்சள், முட்டையிடுவதற்கு வெள்ளை. பச்சையையும் நீலத்தையும் சேர்த்து வாங்காதீர்கள். கூடு அடைக்கும் நேரத்தில் இரண்டும் ஒன்றுதான்.

முட்டையிடுகிறதா என்பதை வளையம் சொல்லாது, விரல்தான் சொல்லும். இரவில் கூட்டில் தூங்கும்போது தூக்கி, ஆசனவாயின் இருபுறமும் கூர்மையாகத் தட்டுப்படும் எலும்பு முனைகளைத் தொட்டுப் பாருங்கள். இடையில் இரண்டு மூன்று விரல் நுழைந்தால் முட்டையிடுகிறது. ஒரு விரலுக்கே இடமில்லையென்றால் இல்லை. பார்த்த கையோடு வளையத்தை மாட்டிவிடுங்கள், மறுநாள் மறந்துபோகும்.

பெரிய பெட்டைக்கு 16 மில்லிமீட்டர் அளவு சரியாக இருக்கும். சிறு கோழிக்கு 12 போதும். வளையம் தடையின்றிச் சுழல வேண்டும், பாதம் வழியாகக் கழன்று விழக் கூடாது. சேவலுக்குக் குதிமுள் வளர வளர வளையம் அதில் சிக்கும், அடிக்கடி பாருங்கள். வளையத்துக்குப் பதில் கேபிள் டை (வயர்களைக் கட்டும் பிளாஸ்டிக் பட்டை) மலிவுதான். ஆனால் இறுகினால் தளர்த்த முடியாது, வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

குஞ்சுகளுக்கு வளையம் போட்டால் வாராவாரம் மாற்ற வேண்டியிருக்கும். கால் தடிக்கும் வேகத்தில் வளையம் சதைக்குள் புதைந்துவிடும். அதற்குப் பதிலாக, பொரித்த ஓரிரு நாளில் விரலிடைச் சவ்வில் சிறு துளை போடுவார்கள். காலுக்கு இரண்டு சவ்வு என்று நான்கு இடங்கள். துளையிட்டும் விட்டும் 16 விதமாக அடையாளம் வைக்கலாம்.