வலைப்பக்க வடிவமைப்பைக் கற்க ஒரு புத்தகம் வாங்க விரும்புகிறேன். அது நல்ல புத்தகமா என்பதைக் கடையிலேயே எப்படிக் கண்டறிவது?

முன்னனுபவம் ஏதுமின்றி பக்கத்தின் உள்ளடக்கத்தை வகுக்கும் எச்டிஎம்எல், அதன் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ் இரண்டையும் வீட்டிலிருந்தே படிக்கப் போவதாகக் குறிப்பிட்டு, நூல்களின் பெயர்ப் பட்டியலைக் கேட்காமல் எடைபோடும் வழியைக் கேட்டிருக்கிறீர்கள். தவறான நூலில் தொடங்கி ஏறத்தாழ ஆறு மாதங்களை வீணாக்கியவன் என்பதால், அந்த அனுபவத்திலிருந்தே பதில் சொல்கிறேன்.

2012ஆம் ஆண்டு, பழைய புத்தகக் கடை ஒன்றில், எண்ணூறு பக்கமும் பின்னட்டையில் ஒரு குறுந்தகடும் கொண்ட தடித்த நூலை மலிவாகக் கிடைத்த மகிழ்ச்சியில் வாங்கினேன். பக்கத்தை மூன்று பத்திகளாகப் பிரிக்க ஒரு டேபிளுக்குள் இன்னொரு டேபிளை வைக்கும்படியும், இடைவெளி தேவைப்படும் இடங்களில் ஒரு பிக்சல் அளவேயுள்ள, கண்ணுக்குத் தெரியாத ஜிஃப் படத்தை இழுத்து நிரப்பும்படியும் அது கற்றுத் தந்தது. சொன்னபடியே செய்தேன், கணினித் திரையில் பக்கம் அழகாகத்தான் இருந்தது. நண்பரின் கைப்பேசியில் திறந்தபோதோ மூன்று பத்திகளும் அப்படியே சுருங்கி, எழுத்துகள் கடுகளவாகத் தெரிந்தன. தலைப்புகளின் நிறத்தை மாற்றலாம் என்றால், எழுத்தின் நிறத்தையும் அளவையும் சொல்ல நாற்பது இடங்களில் எழுதியிருந்த ஃபான்ட் டேக்கை (எச்டிஎம்எல் குறிச்சொல்லை) ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டியிருந்தது. நூலில் பிழை இல்லை; அது எழுதப்பட்ட காலத்தில் அதுவே வழக்கமாக இருந்தது. அதன் வயதை நான்தான் பார்க்கத் தவறினேன்.

வயதைப் பார்ப்பதிலும் ஏமாற வாய்ப்புண்டு. பதிப்புரிமைப் பக்கத்தில் பளிச்சென்று தெரியும் ஆண்டு பெரும்பாலும் மறுஅச்சின் ஆண்டாக இருக்கும். உள்ளடக்கம் கடைசியாக எப்போது திருத்தப்பட்டது என்பதை அதற்கு மேலே உள்ள சிறிய எழுத்துகளில்தான் தேட வேண்டும். ஆகவே ஆண்டை நம்புவதைவிட, பக்க அமைப்பைப் பற்றிய அத்தியாயத்தை நேரடியாகப் புரட்டிப் பார்ப்பதே பாதுகாப்பானது. பக்கத்தை வரிசைகளும் பத்திகளுமாகப் பிரிக்கும் சிஎஸ்எஸ் கிரிட் என்ற அமைப்பு முறை குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி ஆகிய மூன்று உலாவிகளிலும் 2017 மார்ச் மாதத்தில் வந்து சேர்ந்தது. பகுதிகளை ஒரே வரிசையில் அடுக்க உதவும் ஃபிளெக்ஸ்பாக்ஸ் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே பரவியிருந்தது. இவை இரண்டும் நூலின் நடுப்பகுதியில் விரிவாக இடம்பெற்றிருக்க வேண்டும். ஒரு பகுதியை ஓரமாக ஒதுக்கும் ஃபுளோட்டைக் கொண்டு பத்திகளை அடுக்குவதற்கு ஐம்பது பக்கங்களை ஒதுக்கிவிட்டு, கிரிட்டைக் கடைசியில் ஒரு புதுமையாக மட்டும் அறிமுகப்படுத்தும் நூலை அலமாரியிலேயே திரும்ப வைத்துவிடலாம். ஃபுளோட்டே காலாவதியாகிவிட்டது என்று இதற்குப் பொருளல்ல. ஒரு படத்தைச் சுற்றி எழுத்தை ஓடவிட இன்றைக்கும் அது வேண்டும். கைப்பேசித் திரைக்கு ஏற்ப வளைந்துகொடுக்கும் வடிவமைப்பு என்ற கருத்தை வலை வடிவமைப்பாளர் ஈதன் மார்காட் 2010இலேயே எழுதிவிட்டார் என்பதால், முதல் முழு மாதிரிப் பக்கத்திலேயே பக்கத்தைத் திரையின் அகலத்துக்குப் பொருத்தச் சொல்லும் மெட்டா வியூபோர்ட் வரி இல்லாவிட்டால், அதை ஆசிரியரின் கவனக்குறைவாகவே கருதுவேன்.

அடுத்து, பலர் கவனிக்காத ஒன்று: நிரல் வரிகளில் அச்சாகியிருக்கும் மேற்கோள் குறிகளை உற்றுப் பாருங்கள். அவை நேராக இருக்க வேண்டும். கதைப் புத்தகங்களில் வருவதுபோல் வளைந்திருந்தால், அந்த நிரலை யாரும் இயக்கிப் பார்த்து அச்சுக்குக் கொடுக்கவில்லை என்று ஐயப்படலாம். என் அக்கா மகள் ஒரு மின்னூலிலிருந்து இத்தகைய வரிகளை நகலெடுத்து ஒட்டிவிட்டு, மெனுவுக்கு நிறமே வரவில்லை என்று ஒரு மாலை முழுவதும் தவித்தாள். உலாவி எந்தப் பிழையையும் காட்டவில்லை. வளைந்த குறிகளையும், ஒரு பகுதிக்கு அடையாளமாக இடும் கிளாஸின் பெயரோடு சேர்த்து எடுத்துக்கொண்டதால், சிஎஸ்எஸ்ஸில் அவள் எழுதிய விதி அந்தப் பெயரோடு பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

இத்தகைய சிக்கலிலிருந்து மீளும் வழியைச் சொல்லித் தருகிறதா என்பதுதான் ஒரு நூலிடம் நான் முதன்மையாக எதிர்பார்ப்பது. எஃப் 12 விசையை அழுத்தினால் உலாவியில் திறக்கும், பக்கத்தின் நிரலை ஆராய உதவும் டெவலப்பர் டூல்ஸைப் பற்றி முதல் சில அத்தியாயங்களுக்குள் பேச்சு வருகிறதா, வேண்டுமென்றே உடைத்த ஒரு பக்கத்தைக் கொடுத்துக் காரணம் கண்டுபிடிக்கச் சொல்லும் பயிற்சி ஒன்றாவது இருக்கிறதா என்று பாருங்கள். டேக்குகளை அகரவரிசையில் விளக்கிச் செல்லும் நூல் அகராதியாகப் பயன்படலாம். அந்தத் தகவல்களை எம்டிஎன் என்ற வலைநுட்ப ஆவணத் தளம் இலவசமாகவும் புதுப்பித்தும் தருவதால், காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை. படங்களுக்கு அவற்றைச் சொற்களில் விளக்கும் ஆல்ட் உரையும், படிவப் பெட்டிகளுக்கு அவற்றின் பெயரைச் சொல்லும் லேபிளும் எல்லா மாதிரிகளிலும் உள்ளனவா என்பதைப் பார்க்க ஒரு நிமிடம் போதும். இவற்றைக் கடைசி அத்தியாயத்துக்குத் தள்ளிவைக்கும் நூல்களில் எனக்கு நம்பிக்கை குறைவு. எழுத்துருத் தேர்வு, நிறப் பொருத்தம், வெற்றிடத்தைக் கையாளும் விதம் ஆகியவற்றை விளக்கும் நூல்களுக்கு மட்டும் இந்த வயதுக் கணக்கு பொருந்தாது. அவற்றைப் பழைய புத்தகக் கடையிலேயே தாராளமாக வாங்கலாம்.

தமிழிலும் பக்கங்கள் அமைக்கும் எண்ணம் உங்களுக்கு இருந்தால் இன்னொரு சோதனை உண்டு. பல பதிப்பகங்கள் மாதிரி அத்தியாயத்தை இணையத்தில் இலவசமாகத் தருகின்றன. அதிலுள்ள பயிற்சிப் பக்கத்தைத் தட்டச்சு செய்து, பொத்தானில் உள்ள ஆங்கிலச் சொல்லை நீக்கிவிட்டு 'தொடர்புகொள்ளுங்கள்' என்று எழுதிப் பாருங்கள். பொத்தானின் அகலத்தைப் பிக்சலில் இறுக்கிக் கட்டியிருந்தால் சொல் வெளியே பிதுங்கும். வரி உயரத்தை நெருக்கமாக வைத்திருந்தால் மேல்வரியின் உகரக் குறிகள் கீழ்வரியின் புள்ளிகளை இடிக்கும். எதையும் திருத்தாமலேயே பக்கம் குலையாமல் நின்றால் அந்த நூலை வாங்குங்கள்.